மாடியிலிருந்து வரும் கண்ணீர்

ஜூன் 6

டாக்டர் சுகிர்தா எழுதச் சொன்னது கண்ணைப் பற்றி மட்டும்தான். எப்போது எரிகிறது, எப்போது உறுத்துகிறது, எத்தனை தடவை சொட்டு விட்டேன் என்று தினமும் ஒரு வரி எழுதிக் கொண்டுவர வேண்டுமாம். முப்பத்திரண்டு வருஷம் பிள்ளைகளுக்கு வீட்டுப்பாடம் கொடுத்த துளசிமணி டீச்சருக்கு இப்போது ஒரு சின்னப் பெண் வீட்டுப்பாடம் கொடுக்கிறாள். எழுதுகிறேன். ஆனால் ஒரு வரியில் நிற்கிற ஆள் நான் இல்லை. டாக்டருக்கு வேண்டியதை மட்டும் பொறுக்கிச் சொல்லிக்கொள்கிறேன்.

இன்று காலையில் இமை ஒட்டிக்கொண்டது. மணல் விழுந்த மாதிரி உறுத்தல். டியூப்லைட்டைப் பார்க்க முடியவில்லை. பெரிது பெரிதாக எழுதினால்தான் என் எழுத்து எனக்கே தெரிகிறது.

ஜூன் 9

கோவை ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தோம். நவநீதன் கார் ஓட்டினான். என் ஒரே பையன். கோபியில் சொட்டுநீர்ப் பாசனக் குழாய்க் கடை வைத்திருக்கிறான். ஊரில் உள்ள தோட்டத்துக்கெல்லாம் சொட்டு விடுகிறவனுடைய அம்மா கண் இப்படிக் காய்ந்து கிடக்கிறதே என்று வழியில் சொன்னேன். சிரிக்கவில்லை. பின் சீட்டில் அவள் இருந்தாள். அவள் இருந்தால் அவனுக்குச் சிரிப்பு வராது.

அவள் என்றால் எழிலரசி. மின்வாரியத்தில் உதவிப் பொறியாளர். நாலு வருஷத்துக்கு முன் இவன் பதிவுத் திருமணம் செய்து கூட்டிக்கொண்டு வந்தவள். எங்கள் ஆள் இல்லை. எந்த ஆள் என்று எழுத என் பேனா வராது. அவர்கள் மாடியில் இருக்கிறார்கள், நான் கீழே. எனக்குத் தனி அடுப்பு, தனிக் குடம். அவள் கையால் ஒரு டம்ளர் தண்ணீர் வாங்கிக் குடித்ததில்லை. சண்டையும் போட்டதில்லை. படித்தவள் நான், சண்டை போடமாட்டேன்.

கீழ் இமைக்குள் ஒரு காகிதத் துண்டைச் செருகி ஐந்து நிமிஷம் கண்ணை மூடி வைத்திருக்கச் சொன்னார்கள். நல்ல கண் என்றால் காகிதம் பாதி நனைந்துவிடுமாம். என்னுடையது நுனியோடு நின்றுவிட்டது. டாக்டர் அதைப் பார்த்துவிட்டு "ரொம்பக் குறைவா இருக்கும்மா" என்றாள். ஃபெயிலான பிள்ளையிடம் தாளைக் கொடுக்கும்போது நான் இதே குரலில்தான் சொல்வேன்.

அப்புறம் டாக்டர் பாடம் நடத்தினாள். கண்ணீர் வெறும் உப்புத் தண்ணீர் இல்லையாம். மேலே மெல்லிய எண்ணெய், நடுவில் தண்ணீர், அடியில் விழியோடு ஒட்டிக்கொள்கிற பசை. அந்தத் தண்ணீருக்குள் கிருமியின் மேல்தோலைக் கரைக்கிற நொதி ஒன்று, கிருமிக்கு வேண்டிய இரும்புச் சத்தைப் பிடுங்கி வைத்துக்கொள்கிற புரதம் ஒன்று, இன்னும் என்னென்னவோ. கருவிழிக்கு ரத்தக் குழாய் கிடையாது. அதற்குச் சோறும் காவலும் கண்ணீர்தான். 'கண்ணீரில் உள்ள நொதி எது? லைசோசைம்' என்று ஒரு மார்க் கேள்வியாக எத்தனை பேரை எழுத வைத்திருப்பேன். அது என் கண்ணிலேயே இல்லாமல் போகும் என்று எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லை.

என் உடம்பின் எதிர்ப்புச் சக்தி, கண்ணீர்ச் சுரப்பியையே யாரோ அந்நியன் என்று நினைத்து அடிக்கிறதாம். அதனால் மிச்சம் ஊறுகிற கொஞ்சக் கண்ணீரும் சரியில்லையாம். "காக்குற சாமான் குறைஞ்சு, சண்டை போடுற சாமான் கூடிப்போச்சும்மா. மத்தவங்க கண்ணு தானாத் துரத்திடுற கிருமியக்கூட உங்க கண்ணால இப்பத் தடுக்க முடியாது. ஆண்டவன் புண்ணியத்துல இடது கண்ணு இன்னும் தெளிவா இருக்கு. அதக் காப்பாத்தணும்."

வலது கண் மூன்று வருஷத்துக்கு முன்பே இப்படித்தான் புண்ணாகித் தழும்பேறிப் போனது. இருப்பது இடது ஒன்றுதான்.

சொந்தத்தையே அந்நியன் என்று நினைத்து அடிக்கிற வியாதி. நான் நவநீதனைப் பார்த்தேன். அவன் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

வைத்தியம் கேட்டால் வேடிக்கை. கடைச் சொட்டு மருந்து இனி போதாதாம். ரத்தத்தை எடுத்து உறைய வைத்து, மேலே தெளிகிற சீரம் என்ற மஞ்சள் நீரைப் பிரித்து, உப்பு நீர் சேர்த்துச் சொட்டு மருந்தாக்குவார்களாம். கண்ணீரில் இருக்கவேண்டிய சத்தில் பாதிக்கு மேல் அதில் இருக்கிறதாம். என் ரத்தத்திலேயே செய்யலாம், ஆனால் எனக்கு ரத்த சோகை, எடுக்க முடியாது. ஒரே குரூப் உள்ள நெருங்கினவர் யாராவது கொடுக்க வேண்டும்.

எனக்கு ஓ பாசிடிவ், என் பையனுக்கும் அதேதான், பத்து மாசம் சுமந்தவளுக்குத் தெரியாதா என்றேன். "எம்பட பையன் ரத்தம்னா உடுங்க. வேற ஆரு ரத்தமும் எனக்கு வேண்டாமுங்க."

நவநீதன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அவள் அவன் முழங்கையைத் தொட்டாள். அவன் சரிம்மா என்றான்.

ஜூன் 14

நவநீதன் ரத்தம் கொடுக்கக் கோவை போனான். அவளும் லீவு போட்டுவிட்டுக் கூடப் போனாள். ரத்தம் கொடுக்கிறவனுக்குத் துணை எதற்கோ.

உறுத்தல் இருக்கிறது. சொட்டு ஆறு தடவை.

ஜூன் 21

மருந்து வந்துவிட்டது. சின்னச் சின்னக் குப்பிகள், தேன் நிறத்தில். உறைநிலையில் வைத்து, தினம் ஒன்றை எடுத்து இளக்கி அன்றைக்கே தீர்த்துவிட வேண்டும். மிச்சத்தைத் தூர ஊற்றிவிட வேண்டும், கெட்டுப்போகாமல் இருக்க அதில் ஒன்றும் சேர்ப்பதில்லை.

என் ஃபிரிட்ஜ் சாமி அலமாரிக்குப் பக்கத்தில் இருக்கிறது. அதற்குள் ரத்த சம்பந்தமானதை வைக்க முடியாது என்று சொல்லிவிட்டேன். மாடி ஃபிரிட்ஜில் வைத்தார்கள். அதனால் தினம் காலையில் குப்பியை எடுத்துக்கொண்டு அவள்தான் இறங்கி வருகிறாள். கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, என் இமையைக் கீழே இழுத்து, ஒரு சொட்டு விட்டுவிட்டு ஆபீஸ் போகிறாள். பகலில் நானே விட்டுக்கொள்கிறேன்.

சொட்டு விட்டால் கொஞ்ச நேரத்தில் தொண்டைக்குள் ஒரு உப்புக் கரிப்பு இறங்குகிறது. கண்ணில் விட்டது மூக்கு வழியாகத் தொண்டைக்கு வரும் என்று படம் போட்டு நடத்தியவள் நான். என் பையன் ரத்தம், என் தொண்டையில் இறங்கினால் என்ன. விழுங்கினேன்.

ஜூலை 8

இன்று காலையில் கண் தானாகத் திறந்தது. ஜன்னலுக்கு வெளியே கறிவேப்பிலைச் செடியின் இலையை இலையாகப் பார்த்தேன். எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியவில்லை. பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்துவிட்டது. சந்தோஷமாக இருந்தது, அதை எழுதுவதில் வெட்கம் என்ன.

ஜூலை 27

அண்ணனும் அண்ணியும் கவுந்தப்பாடியிலிருந்து வந்தார்கள். கண் எப்படி என்று கேட்டார்கள். பெற்ற பிள்ளை ரத்தம், வேலை செய்யாமல் போகுமா என்றேன். அண்ணி நவநீதன் தலையைத் தடவி, "இந்தக் காலத்துல எந்தப் பையன் சாமி இப்படிச் செய்யறான்" என்றாள். அவன் தலையைக் குனிந்துகொண்டான். அடக்கம்.

அவள் மாடிப்படியில் நின்றுகொண்டிருந்தாள். அண்ணி வந்தால் அவள் கீழே இறங்குவதில்லை. நான் சொல்லவில்லை, அவளுக்கே தெரியும்.

ஆகஸ்ட் 19

அவள் கொஞ்ச நாளாகப் பேரீச்சம்பழமும் முருங்கைக் கீரையுமாகத் தின்கிறாள். மாடியிலிருந்து பீட்ரூட் வேகிற வாசனை வருகிறது. முகம் வெளுத்திருக்கிறது. நேற்று எனக்குச் சொட்டு விடும்போது சுவரைப் பிடித்துக்கொண்டாள். வெயிலில் டிரான்ஸ்ஃபார்மர் பார்க்கப் போகிற வேலை, வெளுக்காமல் என்ன செய்யும்.

செப்டம்பர் 26

நவநீதன் மறுபடி ரத்தம் கொடுத்துவிட்டு வந்தான். சட்டையைக் கழற்றிவிட்டுக் குளிக்கப் போகும்போது இரண்டு கையையும் பார்த்தேன். ஒரு ஊசிப் புள்ளிகூட இல்லை. கைராசிக்கார நர்ஸ் போல.

அவள் மட்டும் இந்தப் புழுக்கத்தில் முழுக்கைச் சுடிதார் போட்டுக்கொண்டு படுத்துவிட்டாளாம்.

செப்டம்பர் 27

கண் நன்றாக இருக்கிறது. வேறு ஒன்றும் எழுதுவதற்கில்லை.

நவம்பர் 3

அண்ணன் பேரனுக்குப் பெயர் வைத்தார்கள். அண்ணன் பையன் கதிர்வேலின் குழந்தை. அவன் பெண்டாட்டி நித்யா நல்ல குடும்பத்துப் பெண், நாங்களாகப் பார்த்து எடுத்தது. குழந்தையை என் மடியில் வைத்தார்கள். அதன் புருவத்து மயிர்கூடத் தெரிந்தது எனக்கு. எல்லோரிடமும் கண் கதையைச் சொன்னேன். பந்தியில் பாதிப் பேர் சாப்பிடுவதை விட்டுவிட்டுக் கேட்டார்கள். மகன் ரத்தத்தில் பார்க்கிற அம்மா என்று யாரோ சொன்னதும் எனக்கே நெஞ்சு நிறைந்துவிட்டது.

அவள் காரிலேயே இருந்தாள். பகல் சொட்டுக்கு நேரமானதும் குப்பியை ஐஸ் டப்பாவிலிருந்து எடுத்து நவநீதன் கையில் கொடுத்து உள்ளே அனுப்பினாள். அவளுக்கும் ஒரு இலையில் கட்டிக் கொடுத்துவிட்டார்கள். நாங்கள் மரியாதை தெரிந்தவர்கள்.

ஜனவரி 12

இன்று நடந்ததை ஒழுங்காக எழுதுகிறேன்.

குப்பிகள் தீரப்போகின்றன. எப்போது கோவை போகிறாய் என்று நவநீதனைக் கேட்டேன். இந்தத் தடவை போகலம்மா என்றான். ஏன் என்றேன். சுவரைப் பார்த்துக்கொண்டு, எழில் முழுகாமல் இருக்கிறாள் என்றான்.

அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும். ஒரு சாதாரண அம்மா கேட்டிருப்பாள். அவனும் நான் கேட்பேன் என்று காத்துக்கொண்டு நின்றான்.

நல்ல சேதிதான் என்றேன். சர்க்கரை எடுத்து அவன் வாயில் போட்டேன். அப்புறம், சரி, மருந்துக்கு என்ன வழி என்று கேட்டேன். அவள் தம்பிக்கும் ஓ பாசிடிவாம். ஈரோட்டில் காலேஜில் வேலை பார்க்கிறவன். சொன்ன உடனே சரி என்றுவிட்டானாம். கூப்பிட்டால் நாளைக்கே வருவானாம்.

அந்த வீட்டு ரத்தம் எனக்கு வேண்டாம் என்றேன். சத்தமாகக்கூடச் சொல்லவில்லை.

படியில் இறங்கி வந்துகொண்டிருந்தவள் பாதியில் நின்றாள். கையில் குப்பி இருந்தது. அவள் என்னிடம் ஒரு தடவைகூடக் குரலை உயர்த்தியதில்லை, இன்றும் உயர்த்தவில்லை.

"இத்தன நாளா அந்த ஊட்டு ரத்தந்தானுங்க அத்தை. அவருக்குப் பி பாசிடிவ். லைசென்ஸ்லயே போட்டிருக்குது. நீங்க பையன் ரத்தம்தான் வேணும்னு நின்னீங்க. கண்ணு போயிருமேன்னு நாந்தான் சொல்ல வேண்டாம்னேன்."

பி பாசிடிவ். என் வீட்டுக்காரருக்கும் அதே குரூப். அப்பா பி, அம்மா ஓ என்றால் பிள்ளைக்கு இரண்டில் எது வேண்டுமானாலும் வரலாம் என்று நானே கட்டம் போட்டு நடத்தியிருக்கிறேன். என் பிள்ளைக்கு மட்டும் கட்டம் போட்டுப் பார்க்கவில்லை.

குப்பியை மேசைமேல் வைத்துவிட்டு மேலே போய்விட்டாள். அதை எடுத்துப் பார்த்தேன். அதே தேன் நிறம்தான். வாசலில் கொண்டுபோய்க் கொட்டினேன். மாடியில் மிச்சம் இருந்ததையும் கொண்டுவரச் சொன்னேன். நவநீதன் முடியாது என்றான். அவன் என்னிடம் முடியாது என்று சொன்னது இது இரண்டாவது தடவை. முதல் தடவை எப்போது என்று எழுத வேண்டியதில்லை.

ஜனவரி 13

சொட்டு இல்லை. எரிச்சல்.

ஜனவரி 16

கடைச் சொட்டு மருந்து பத்து தடவை. எரிச்சல். மாட்டுப் பொங்கலன்று வேண்டாத விஷயம் எதுவும் எழுதக்கூடாது என்று நேற்று எழுதவில்லை. அவள் மறுபடி குப்பி கொண்டுவந்தாள். கண்ணை மூடிக்கொண்டேன். அவள் "போச்சாதுங்க அத்தை" என்று சொல்லிவிட்டுப் போனாள். பரவாயில்லையாம். யாருக்குப் பரவாயில்லை?

நால்வகை ரத்தம் என்று போர்டில் எழுதினேன், ரத்தத்தில் சாதி இல்லை என்று சுதந்திர தினத்தில் பேசினேன், அதெல்லாம் சரி. பேசுவது வேறு, கண்ணுக்குள் விட்டுக்கொள்வது வேறு.

ஜனவரி 22

அண்ணனுக்குப் போன் செய்தேன். கதிர்வேலுக்கு ஓ பாசிடிவ், எனக்குத் தெரியும், பள்ளியில் நானே விரலில் குத்திப் பார்த்தது. அண்ணன் கேட்டுச் சொல்கிறேன் என்றார்.

ஜனவரி 25

அண்ணன் கூப்பிடவில்லை. மார்கழி முடிந்துவிட்டதால் கல்யாணச் சீசன், பிஸியாக இருப்பார்.

ஜனவரி 29

நானே கவுந்தப்பாடிக்குப் போனேன். நவநீதன் கொண்டுபோய் விட்டான். காபி கொடுத்தார்கள், முறுக்குக் கொடுத்தார்கள். கதிர்வேல் என்னைக் கண்டதும் தோட்டத்துக்குப் போய்விட்டான். அண்ணி அவனுக்கு இப்போதுதான் உடம்பு தேறுகிறது என்றாள். என்ன உடம்பு என்று கேட்டதற்கு முறுக்குத் தட்டை என் பக்கம் நகர்த்தினாள். அண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டே, "தப்பா நெனைக்காத அம்மிணி. ரத்தம் கேக்கறதெல்லாம் பெரிய விஷயம். ஒருக்காக் குடுத்தா மறுக்கா மறுக்காக் கேப்பாங்கன்னு அவன் பயப்படறான்" என்றார்.

மகன் ரத்தத்தில் பார்க்கிற அம்மா என்று நெஞ்சு நிறையக் கேட்டவர்கள்தான் எல்லோரும்.

அண்ணிதான் அந்த யோசனையைச் சொன்னாள். கண் நோவுக்குத் தாய்ப்பால் பீச்சுவது தெரிந்ததுதானே, நித்யாவுக்குப் பால் வழிந்து வீணாகப் போகிறது, குளிர்ச்சிக்குக் குளிர்ச்சி, நம்ம வீட்டுப் பால். எனக்கும் சட்டென்று பொறி தட்டியது. தாய்ப்பாலிலும் லைசோசைம் இருக்கிறது. அந்த இரும்பு பிடுங்குகிற புரதமும் இருக்கிறது, எதிர்ப்புப் புரதமும் இருக்கிறது. சீம்பால் பாடத்தில் நடத்தியிருக்கிறேனே. டாக்டர் சொன்ன அத்தனை சாமானும் நம்ம வீட்டிலேயே இருக்கும்போது ஈரோட்டுக்குப் போவானேன்.

ஒரு சின்னக் கிண்ணத்தில் பீச்சிக் கொடுத்தாள் நித்யா. கண்ணில் விட்டதும் எரிச்சல் அடங்கியது. பாட்டிலில் கொஞ்சம் கொடுத்துவிட்டார்கள். என் ஃபிரிட்ஜில், சாமி அலமாரிக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டேன்.

ஜனவரி 31

பால் நான்கு தடவை. இதம். நவநீதனிடம் சொல்லவில்லை. அவளிடம் சொல்ல அவசியமே இல்லை.

பிப்ரவரி 3

பாட்டில் கொஞ்சம் புளித்த வாசனை அடித்தது. இன்றைக்கு மட்டும் விட்டுவிட்டு நாளைக்கு அண்ணியிடம் புதிதாகக் கொடுத்தனுப்பச் சொல்ல வேண்டும்.

பிப்ரவரி 5

கண் சிவந்துவிட்டது. பீளை. பச்சையாக இருக்கிறது.

பிப்ரவரி 6

வலி. எழுத முடிய

பிப்ரவரி 19

ஆஸ்பத்திரியிலிருந்து வந்து இரண்டு நாளாகிறது. இந்த எழுத்து ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருந்தால் மன்னிக்கவும். யாரிடம் மன்னிப்புக் கேட்கிறேன் என்று தெரியவில்லை, பழக்கம்.

கருவிழியில் பெரிய புண். சுரண்டி எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். என்ன விட்டீர்கள் என்று டாக்டர் கேட்டாள். சொன்னேன். லைசோசைமையும் சேர்த்துச் சொன்னேன். அவள் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். பால் கிருமிக்கும் சோறுதான் என்றாள். உங்கள் கண்ணில் காவலே இல்லையே, காவல் இல்லாத வீட்டுக்குள் நீங்களே கொண்டுபோய் விட்டீர்களே என்றாள். சீரம் நிறுத்தி எத்தனை நாளாச்சு, ஏன் நிறுத்தினீர்கள் என்று கேட்டாள். நவநீதன் வாயைத் திறப்பதற்குள் அவள், எழிலரசி, ஸ்டாக் தீர்ந்துபோச்சுங்க டாக்டர் என்று சொல்லிவிட்டாள்.

அந்த ஒரு பொய்யை மன்னிக்க முடியவில்லை என்னால். அவள் உண்மையைச் சொல்லியிருந்தால் நான் கோபப்பட்டுக்கொண்டாவது இருந்திருப்பேன்.

புண் ஆறினாலும் தழும்பு நிற்கும். வெளிச்சம் தெரிகிறது. ஆள் நிற்பது தெரிகிறது, யார் என்று தெரியவில்லை. இந்தக் காகிதத்தில் என்ன இருக்கிறது என்றும் தெரியவில்லை.

மார்ச் 2

(இது எழிலரசியின் கையெழுத்து. அத்தை சொல்லச் சொல்ல எழுதுகிறேன். டாக்டருக்குக் கணக்கு வேண்டுமாம்.)

கிருமிக்கொல்லிச் சொட்டு மணிக்கு ஒரு தடவை. இரவில் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை. வலி குறைவு. புண் மூடவில்லை. சாப்பாடு மாடியிலிருந்து வந்தது. சாப்பிட்டேன். அதை எழுத வேண்டாம். எழுதிவிட்டாளா தெரியவில்லை.

மார்ச் 4

(எழிலரசி கை.)

முன்னால் இருக்கிற பக்கங்களைப் புரட்டினாயா என்று கேட்டேன். புரட்ட வேண்டியதில்லைங்க அத்தை, உங்க எழுத்து பெருசு, மேசைமேல விரிச்சு வெச்சிருந்தா படியிலிருந்தே தெரியும் என்றாள். எப்போதிருந்து என்று கேட்டேன். ஜூன் மாசத்திலிருந்து என்றாள்.

இன்றைக்கு இது போதும்.

மார்ச் 11

(எழிலரசி கை.)

புண் மூடவில்லை. சீரம் இல்லாமல் மூடாது என்கிறார் டாக்டர். இப்படியே போனால் கருவிழி ஓட்டை விழுந்து கண்ணையே எடுக்க வேண்டிவரும். மூடினால் ஒரு வருஷம் கழித்து வேறு கருவிழி வைத்துப் பார்க்கலாம், உறுதி இல்லை. அண்ணன் வீட்டிலிருந்து யாரும் வரவில்லை. போன் செய்தார்கள். அண்ணி விளக்கெண்ணெய் விடச் சொன்னாள்.

எழிலிடம், உன் தம்பியைக் கேட்டுப் பார் என்று சொன்னேன். கேட்க வேண்டியதில்லைங்க, அவன் ஜனவரியிலேயே சரின்னுட்டான் என்றாள்.

மார்ச் 20

அத்தை சொன்னதை முதலில் எழுதுகிறேன். "இன்று நவநீதன் கொடுத்த ரத்தத்தில் மருந்து வந்தது. அண்ணன் வீட்டில் யாராவது வந்து கேட்டால் இந்தப் பக்கத்தை வாசித்துக் காட்ட வேண்டும்." இதுதான் அவர் சொன்னது. சொல்லிவிட்டு எழுதிட்டியா என்று கேட்டார்.

அப்போது நான் அதை எழுதவில்லை. பேனாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எனக்கு இப்போது ஐந்து மாசம். நாற்காலியில் ரொம்ப நேரம் உட்கார்ந்தால் இடுப்பு வலிக்கிறது. தம்பி காலையில் வந்து மருந்தை வாசலில் கொடுத்துவிட்டு வாசலோடு போனான். உள்ளே வாடா என்று கூப்பிட எனக்குத் துணிச்சல் இல்லை. காரில் கட்டுச்சோற்றை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோதும் இப்படித்தான் இருந்தேன். இந்த நோட்டில் நான் எத்தனை இடத்தில் 'அவள்' என்று எண்ணவில்லை. எண்ணியிருந்தால் இங்கே உட்கார்ந்திருக்க முடியாது.

பிறகு இதை எழுதினேன்:

ஜூன் முதல் ஜனவரி வரை துளசிமணி டீச்சரின் இடது கண்ணில் விட்டது எழிலரசியின் ரத்தம். இன்று முதல் விடப்போவது எழிலரசியின் தம்பி இனியனின் ரத்தம். நவநீதனின் ரத்தம் ஒரு சொட்டும் இல்லை.

வாசி என்றார் அத்தை. வாசித்தேன். ஒரு வார்த்தை விடாமல், பள்ளிக்கூடத்தில் பாடம் வாசிக்கிற மாதிரி வாசித்தேன்.

எனக்கு இரக்கம் வரவில்லை என்பதையும் இங்கே எழுதி வைக்கிறேன். வரும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன், வரவில்லை. முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன், அழுகிறாரா என்று. இந்த நோய் வந்தவர்களிடம் அதைக் கண்டுபிடிக்க முடியாது.

குப்பியைத் திறந்தேன். கையைக் கழுவிவிட்டு வந்து, "இது இனியன் குடுத்ததுங்க அத்தை" என்று பெயரைச் சொன்னேன். அவர் தலையைப் பின்னால் சாய்த்தார். இமையை நான் இழுப்பதற்கு முன்னால், அவர் கையாலேயே இழுத்துப் பிடித்துக்கொண்டார்.